2 டாலர் 13 சென்ட் சம்பளம்... மிச்சம் யார் தலையில்?

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் நம்மூர்ப் பெற்றோருக்கு, போன முதல் வாரத்திலேயே ஒரு சின்னச் சண்டை காத்திருக்கும். ஹோட்டலில் சாப்பிட்டு முடித்து, தோல் உறைக்குள் பில் வந்ததும் அது ஆரம்பிக்கும். 60 டாலர் சாப்பாட்டுக்கு மகன் 12 டாலர் டிப்ஸ் எழுதுவான். "நம்ம காசுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல ஆகுதேடா! சாம்பார் ஊத்தினதுக்கா இவ்வளவு?" என்பார் அப்பா. "இங்க அப்படித்தான்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவான் மகன்.

நம்மூரில் சோம்புத் தட்டில் பத்தோ இருபதோ வைத்துவிட்டு எழுந்துவிடலாம். வைக்காவிட்டால் சப்ளையரின் முகம் லேசாகச் சுருங்கும், அவ்வளவுதான். அவருடைய சம்பளத்தில் கை வைத்ததாக ஆகாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அப்படித்தான் ஆகும்.

ஆகவே மகன் சொல்வது சரி. அப்பா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 12 டாலரில் ஒரு பங்கு சுற்றி வளைத்து முதலாளியின் கல்லாவுக்கே போய்ச் சேர்கிறது என்பது இருவருக்குமே தெரிவதில்லை.

சட்டமே போட்டுக்கொடுத்த கணக்கு

அமெரிக்காவில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். 2009 ஜூலையில் நிர்ணயித்தது; அதற்குப் பிறகு ஏறவில்லை. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கோ வேறு கணக்கு. மாதம் 30 டாலருக்கு மேல் வழக்கமாக டிப்ஸ் கிடைக்கும் வேலை என்றால், முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2 டாலர் 13 சென்ட் கொடுத்தால் போதும். பாக்கி 5 டாலர் 12 சென்ட் டிப்ஸிலிருந்து வந்துவிட்டதாகக் கணக்கு எழுதிக்கொள்ளலாம். சட்டத்தின் மொழியில் இதற்கு 'டிப் கிரெடிட்' என்று பெயர்.

இதை நிதானமாகப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். சர்வருக்கு ஒரு மணி நேரத்தில் விழும் டிப்ஸில் முதல் 5 டாலர் 12 சென்ட், முதலாளி கொடுத்திருக்க வேண்டிய கூலிக்கு ஈடாகிவிடுகிறது. அதற்கு மேல் விழுவதுதான் உண்மையில் சர்வருக்குக் கூடுதல் வருமானம். சாப்பிட்டவர் சர்வருக்குக் கொடுத்ததாக நினைக்கிறார். முதலாளி சம்பளம் கொடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான்.

1991-ல் குறைந்தபட்சக் கூலி 4 டாலர் 25 சென்டாக இருந்தது. அதில் பாதி என்று வந்ததுதான் இந்த 2.13. பொதுக் கூலி ஏறினால் இதுவும் கூடவே ஏற வேண்டும் என்பதுதான் அதுவரை இருந்த ஏற்பாடு. 1996-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தம் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டது. பொதுக் கூலியை உயர்த்திய அதே சட்டம், டிப்ஸ் தொழிலாளியின் கூலியை 2.13-லேயே நிறுத்தி வைத்தது. 1991-ல் அந்தப் பணத்துக்கு இருந்த வாங்கும் சக்தியில் பாதிகூட இன்று இல்லை.

எல்லா மாநிலங்களும் இதை அப்படியே பின்பற்றுவதில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய 7 மாநிலங்களில் டிப்ஸைக் கூலியில் கழிக்கவே முடியாது. முழுக் கூலியையும் முதலாளி கொடுத்தாக வேண்டும். டிப்ஸ் அதற்கு மேல். டெக்சாஸில் மத்திய அரசின் 2.13 கணக்குதான். தமிழர்கள் நிறைந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். டல்லாஸ் பக்கத்து இர்விங்கில் மசால் தோசை பரிமாறும் சர்வருக்கு முதலாளி மணிக்கு 2.13 கொடுத்தால் சட்டப்படி தப்பில்லை. அதே தோசையை சான் பிரான்சிஸ்கோ பக்கத்து சன்னிவேலில் பரிமாறினால், 2025-ல் கலிஃபோர்னியாவின் பொதுக் கூலியான 16 டாலர் 50 சென்டைவிடவும் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருந்தது. டிப்ஸ் கேட்கும் இயந்திரம் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே சதவீதத்தைத்தான் நீட்டுகிறது.

திங்கட்கிழமை பட்டினி, சனிக்கிழமை பந்தி

டிப்ஸ் போதவில்லை என்றால்? குறையும் தொகையை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்ப்பது நாளுக்கு நாள் அல்ல, வாரத்துக்கு ஒரு முறை.

வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கும் ஒரு சர்வருக்கு மொத்தம் 290 டாலர் வந்திருக்க வேண்டும். முதலாளி தரும் 2.13 கணக்கில் 85 டாலர் 20 சென்ட் வந்துவிடும். மீதி 204 டாலர் 80 சென்ட் டிப்ஸாக வந்திருந்தால் முதலாளிக்குப் பொறுப்பு தீர்ந்தது. வெள்ளி, சனி இரவுகளில் கூட்டம் நெரிந்து இந்த 205 டாலர் விழுந்துவிட்டால், திங்கள் முதல் வியாழன் வரை ஈ ஓட்டிக்கொண்டு நின்ற மணி நேரங்களுக்கெல்லாம் மணிக்கு 2.13 மட்டும்தான். கூட்டமில்லாத நாளின் நஷ்டம் சர்வரின் வார இறுதி உழைப்பில் கழிகிறது.

அந்த நேரத்தில் அவர் சும்மாவும் நிற்பதில்லை. கத்தி, கரண்டி, முள்கரண்டியைத் துடைத்து நாப்கினில் சுருட்டி வைப்பது, சாஸ் பாட்டில்களை நிரப்புவது, மேசை நாற்காலிகளைத் துடைப்பது என்று டிப்ஸே வராத வேலைகள் வரிசையாக உண்டு. இவற்றுக்கு நேர வரம்பு வைத்து, மீறினால் முழுக் கூலி தர வேண்டும் என்று தொழிலாளர் துறை 2021-ல் ஒரு விதி கொண்டுவந்தது. உணவக முதலாளிகள் தரப்பு வழக்குப் போட்டது. 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிப்ஸ் மொத்தத்துக்குமான வரி, முதலாளி தரும் அந்தச் சொற்பச் சம்பளத்திலிருந்துதான் பிடிக்கப்படும். நன்றாக டிப்ஸ் வந்த வாரத்தில் வரிப் பிடித்தம் சம்பளத்தையே விழுங்கிவிட, சம்பளச் சீட்டில் கைக்கு வரும் தொகை பூஜ்யம் என்று அச்சாகி வருவது அங்கே சர்வர்களுக்குப் பழகிப்போன காட்சி.

12 டாலரில் எத்தனை பங்காளிகள்?

மகன் எழுதிய 12 டாலருக்கு வருவோம். அது முழுசாக, பரிமாறியவரின் பைக்குப் போவதில்லை. மேசையைத் துடைத்துத் தட்டு எடுப்பவர், சமையலறையிலிருந்து தட்டைத் தூக்கி வருபவர், பானம் கலக்குபவர், வாசலில் நின்று இடம் காட்டுபவர் என்று ஒரு வரிசை நிற்கிறது. இவர்களுக்கு சர்வர் பங்கு கொடுக்க வேண்டும். பல ஹோட்டல்களில் இந்தப் பங்கை வந்த டிப்ஸில் கணக்கிடுவதில்லை; சர்வர் விற்ற சாப்பாட்டின் மதிப்பில் கணக்கிடுகிறார்கள். விற்பனையில் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 60 டாலர் பில்லுக்கு 2 டாலர் 40 சென்ட் போய்விடும். அந்த மேசை டிப்ஸே வைக்காமல் எழுந்து போனாலும் சர்வர் அந்தப் பங்கைக் கொடுத்தாக வேண்டும். ஒரு மணி நேரம் ஓடி ஓடிப் பரிமாறியதற்கு, மற்ற மேசைகளில் விழுந்ததிலிருந்து எடுத்து அவரே அபராதம் கட்டியது போல ஆகிவிடும்.

கார்டில் எழுதிய டிப்ஸ் என்றால், கார்டு கம்பெனி எடுக்கும் கட்டணத்தில் டிப்ஸுக்கு உரிய பகுதியை சர்வரிடமே கழித்துக்கொள்ள மத்தியச் சட்டம் இடம் தருகிறது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அதைத் தடுக்கின்றன. முதலாளியும் மேலாளரும் டிப்ஸில் கை வைக்கவே கூடாது என்று 2018-ல் திட்டவட்டமாகச் சட்டம் வந்தது. சமையலறை ஆட்களுக்குப் பங்கு தரலாம், ஆனால் அந்த ஹோட்டல் எல்லோருக்கும் முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தால்தான்.

லிங்கனின் மகன் தலைமையில்

இவ்வளவு விசித்திரமான ஏற்பாடு ஒரே நாளில் வரவில்லை. டிப்ஸ் அமெரிக்காவில் பிறந்த வழக்கமும் அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஐரோப்பா போய்வந்த பணக்காரர்கள் அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. அதே காலத்தில்தான் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி வந்தார்கள். ஹோட்டல்களும் ரயில் கம்பெனிகளும் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. சம்பளம் பேருக்குத்தான், மிச்சத்தைப் பயணியிடமும் வாடிக்கையாளரிடமும் வாங்கிக்கொள்ள வேண்டியது.

இதற்கு ஊரறிந்த உதாரணம் புல்மன் கம்பெனி. 1867-ல் தொடங்கிய இந்த நிறுவனம் படுக்கை வசதி கொண்ட ரயில் பெட்டிகளை ஓட்டியது. அதில் படுக்கை விரித்து, ஷூ துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் கறுப்பினப் பணியாளர்கள். முழுச் சம்பளத்துக்கு மாதம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் ஓட வேண்டும். பயணிகள் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் எல்லோருக்கும் 'ஜார்ஜ்' என்றே விளி. ஆண்டையின் பெயரில் அடிமையை அழைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது. 1897-ல் ஜார்ஜ் புல்மன் இறந்த பிறகு கம்பெனித் தலைவராக வந்தவர் ராபர்ட் டாட் லிங்கன். அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் மகன்! அவர் காலத்திலும் பணியாளர்களின் பிழைப்பு டிப்ஸை நம்பித்தான் ஓடியது.

1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 12 ஆண்டுகள் போராடி, 1937-ல் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். மறு ஆண்டே, 1938-ல், அதிபர் ரூஸ்வெல்ட் நாட்டின் முதல் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். மணிக்கு 25 சென்ட். ஆனால் உணவகத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை. 1966-ல்தான் அவர்களையும் சட்டத்துக்குள் சேர்த்தார்கள். சேர்த்த கையோடு, கூலியில் பாதி வரை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்ற வாசலையும் திறந்துவிட்டார்கள்.

இடையில் டிப்ஸையே தடை செய்து பார்த்ததும் உண்டு. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் தடைச் சட்டம் போட்டது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. கைநீட்டி வாங்குவது ஜனநாயக நாட்டுக்கு அழகில்லை என்பது அவர்கள் வாதம். கொடுப்பவரும் நிறுத்தவில்லை, வாங்குபவரும் நிறுத்தவில்லை. 1926-க்குள் அந்தச் சட்டங்கள் எல்லாம் காணாமல் போயின.

நிறுத்திப் பார்த்தவர்

நம் காலத்தில் டிப்ஸைத் துணிந்து கைவிட்டுப் பார்த்த பெரிய மனிதர் டேனி மேயர். நியூயார்க்கின் புகழ்பெற்ற யூனியன் ஸ்கொயர் கஃபே, கிராமர்சி டாவர்ன் ஆகிய உணவகங்களும் ஷேக் ஷாக் பர்கர் கடைகளும் அவர் தொடங்கியவை. 2015-ல் தன் குழும உணவகங்களில் டிப்ஸை நிறுத்துவதாக அறிவித்தார். உணவு விலையை ஏற்றி, அந்தப் பணத்தில் எல்லோருக்கும் நல்ல சம்பளம் தருவது திட்டம். பரிமாறுபவர் டிப்ஸில் நன்றாகச் சம்பாதிக்க, உள்ளே அடுப்படியில் வேகும் சமையல்காரருக்குச் சம்பளம் தேங்கிக் கிடக்கிறதே என்பதுதான் அவரை உறுத்திய விஷயம்.

திட்டம் நல்லதுதான். ஆனால் வார இறுதியில் கை நிறைய டிப்ஸ் பார்த்துப் பழகிய சர்வர்கள் பலர் வேறு இடம் பார்த்துக் கிளம்பினார்கள். மற்ற ஹோட்டல்களின் மெனுவில் விலை டிப்ஸ் சேராமல் இருக்க, இவருடைய மெனு மட்டும் விலை கூடத் தெரிந்தது. கொரோனா வந்து கடைகள் தள்ளாடிய 2020 ஜூலையில் மேயர் டிப்ஸைத் திரும்பக் கொண்டுவந்தார்.

சர்வர்களே டிப்ஸுக்குக் கொடி பிடிப்பது புதுமை அல்ல. மெய்ன் மாநிலத்தில் 2016-ல் மக்கள் ஓட்டெடுப்பில் டிப் கிரெடிட்டைப் படிப்படியாக ஒழிக்க முடிவானது. கூலி ஏறினால் வாடிக்கையாளர் டிப்ஸைக் குறைத்துவிடுவார் என்று பயந்த சர்வர்களே எதிர்த்துக் கிளம்ப, 2017-ல் சட்டமன்றம் பழையபடி மாற்றிவிட்டது. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் வாக்காளர்களும் இதே மாதிரியான யோசனையை நிராகரித்தார்கள். பெரிய நகரத்தின் விலை உயர்ந்த உணவகத்தில் பரிமாறுபவருக்கு டிப்ஸ் லாபம்தான். நெடுஞ்சாலையோரச் சின்னக் கடையில் காலை காபி ஊற்றும் பெண்ணுக்கு அதே முறை பிழைப்புக்கே போதாது. இருவரும் ஒரே சட்டத்தின் கீழ்தான் இருக்கிறார்கள்.

நன்றாகக் கவனித்தால் நிறையக் கிடைக்குமா?

டிப்ஸ் இருந்தால்தான் சர்வர் ஓடியாடிக் கவனிப்பார் என்று ஒரு வாதம் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் லின் பல்லாண்டுகளாக இதையே ஆராய்ந்தவர். கவனிப்பின் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் மிக மெல்லியது என்பது அவர் கண்டது. பில் எவ்வளவோ, அதில் வழக்கமான சதவீதம் எவ்வளவோ, அதைத்தான் மக்கள் எழுதுகிறார்கள்.

வேறு சில விஷயங்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. மீதிச் சில்லறையைக் கொடுக்கும்போது கையையோ தோளையோ லேசாகத் தொட்டால் டிப்ஸ் கூடியது என்று 1984-ல் ஓர் ஆய்வு சொன்னது. 2002-ல் லின்னும் சகாக்களும் பில்லோடு மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள்; டிப்ஸ் ஏறியது. ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு, போவதுபோல் போய், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல் திரும்பி வந்து இன்னொன்று கொடுத்தபோது இன்னும் ஏறியது. இன்னோர் ஆய்வில், கறுப்பின சர்வர்களுக்கு வெள்ளையின சர்வர்களைவிடக் குறைவாக விழுவது தெரிந்தது. ஒரு தொழிலாளியின் கூலி மிட்டாயையும் தோலின் நிறத்தையும் பொறுத்து மாறுகிறது என்றால், அதைக் கூலி என்று எப்படிச் சொல்வது?

டேப்லெட் நீட்டும் கை

இப்போது காபிக் கடையில் நின்றபடி ஒரு கப் வாங்கினாலும் டேப்லெட்டைத் திருப்பி 18, 20, 25 சதவீதம் என்று காட்டுகிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பைவிட இப்போது அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கிறார்கள் என்று 2023-ல் பியூ ஆய்வு மையத்திடம் 72 சதவீத அமெரிக்கர்கள் சொன்னார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்தில் சுமாரான ஒரு சாப்பாட்டுக்கு 15 சதவீதமோ அதற்குக் குறைவோ கொடுப்போம் என்றவர்கள் 57 சதவீதம். அமெரிக்கருக்கே அலுத்துவிட்டது.

அரசியல்வாதிகளும் டிப்ஸை விடவில்லை. டிப்ஸுக்கு வரி கிடையாது என்று 2024 தேர்தலில் டிரம்ப் வாக்குறுதி கொடுத்தார். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டப்படி, ஆண்டுக்கு 25,000 டாலர் வரையிலான டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு உண்டு, 2028 வரை. வரியை விட்டுக்கொடுத்தது அரசு. முதலாளியின் 2.13 அப்படியே இருக்கிறது.

நம்மூர்ச் சட்டம் வேறு

நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' வந்தது 1964-ல். அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை நம்மூர் சர்வருக்கும் டிப்ஸ் பழக்கமானதுதான். ஆனால் இங்கே சட்டம் நிற்கும் இடம் வேறு. குறைந்தபட்சக் கூலி முழுவதையும் முதலாளி தர வேண்டும். டிப்ஸ் வருகிறதே என்று கழித்துக்கொள்ள வழியில்லை. வாடிக்கையாளர் கார்டில் கொடுத்த டிப்ஸை ஹோட்டல் வாங்கிப் பிரித்துக் கொடுத்தாலும் அது முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று, ஐடிசி வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஏட்டில் இருப்பதெல்லாம் எல்லாக் கடையிலும் நடப்பதில்லை என்பது வேறு விஷயம். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது.

பெரிய ஹோட்டல்கள் பில்லிலேயே சேர்க்கும் சேவைக் கட்டணத்தின் கதை இன்னும் சுவாரசியம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது, கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டு விதி வெளியிட்டது. ஹோட்டல் முதலாளிகளின் இரண்டு சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28-ல் நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த விதிகள் செல்லும் என்று சொல்லி, இரண்டு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார். பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல் டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுக்கத் தொழிலாளிக்கே போய்ச் சேர வேண்டும் என்று சட்டம் அமலில் இருக்கிறது. லண்டனில் ஹோட்டல் வைத்திருக்கும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும்.

என்ன செய்யலாம்?

அமெரிக்கா போகிறவர்கள் பில் வந்ததும் முதலில் மொத்தத்தைப் பார்க்காமல், மேலே உள்ள வரிகளைப் படிக்க வேண்டும். ஆறு பேருக்கு மேல் சேர்ந்து சாப்பிட்டால் 18 அல்லது 20 சதவீதம் சேவைக் கட்டணத்தைத் தாங்களே சேர்த்துவிடும் உணவகங்கள் உண்டு. சேர்ந்திருந்தால் கீழே இருக்கும் வெற்றுக் கோட்டில் இன்னொரு முறை எழுத வேண்டியதில்லை. சேராவிட்டால் 15 முதல் 20 சதவீதம் மரியாதையான தொகை. அதை வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட வேண்டும். டெக்சாஸில் 60 டாலர் சாப்பாட்டுக்கு விற்பனை வரி 4 டாலர் 95 சென்ட் வரை போகும். அதற்கும் சேர்த்து டிப்ஸ் கொடுக்க வேண்டாம். பஃபேயில் 10 சதவீதம் போதும். பார்சல் வாங்கினாலும் கவுன்டரில் நின்று காபி வாங்கினாலும் கொடுப்பது உங்கள் விருப்பம். டேப்லெட்டில் 'டிப்ஸ் இல்லை' என்பதை அழுத்தினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக் கவனிப்பு சரியில்லை என்றால் மேலாளரிடம் சொல்லுங்கள். டிப்ஸை அறவே நிறுத்தினால், தட்டு எடுத்தவருக்கான பங்கும் பரிமாறியவரின் கையைக் கடிக்கும்.

நம்மூரில் பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி வந்தால், அதை எடுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம். எடுத்த பிறகு, பரிமாறியவர் கையிலேயே உங்களால் முடிந்ததைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.